கண்டென்சருக்கு நாற்பது ரூபாய்

சின்ன வயதில் அப்பாவிடம் வாங்கிய அடிகளில் பெரும்பாலானவை நியாயமான அடிகள். பம்பரம் குத்தி எதிர்வீட்டுத் திண்ணையைப் பேர்த்தது, பட்டறையிலிருந்து வெள்ளிக் கம்பித் துண்டை எடுத்துப்போய்க் கோலிக்கு மாற்றியது என்று எதற்கும் என்னிடம் பதில் கிடையாது. ஒன்றே ஒன்றுதான் முப்பத்தைந்து வருஷமாக நெருடிக்கொண்டிருந்தது. அது ரேடியோவுக்காக விழுந்த அடி.

சேலம் செவ்வாய்பேட்டையில் எங்கள் வீட்டின் முன்பாதி கொலுசுப் பட்டறை, பின்பாதி வீடு. அப்பா எட்டரைக்கு ஊதுகுழலைக் கீழே வைப்பார், குளிப்பார், சாப்பிடுவார், ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசை. 1989ஆம் வருஷம். இலங்கையில் அமைதிப்படை இருந்த காலம், பக்கத்துத் தீவில் நடப்பதை லண்டன்காரன் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. தோல் உறை போட்ட பிலிப்ஸ் பெட்டி. மொட்டைமாடியில் இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி சுவரோரமாக இறங்கிவந்து அதன் முதுகில் செருகியிருக்கும். முள்ளை நிறுத்துவது என் வேலை, ஏனென்றால் சிற்றலை என்கிற ஷார்ட்வேவில் முள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் தமிழோசை போய் ரஷ்யனோ அரபியோ வந்துவிடுவான், அப்பாவின் விரல்களோ நாள் பூராவும் கடுகளவு முத்துகளை வைத்துப் பற்றவைத்த விரல்கள், ராத்திரியானால் லேசாக நடுங்கும்.

அன்றைக்குச் செய்தி ஆரம்பித்து இரண்டு நிமிஷம் இருக்கும். குரல் நடுங்க ஆரம்பித்தது. மங்கவில்லை, கரகரக்கவும் இல்லை. சுழல்கிற ஃபேனுக்கு முன்னால் வாயை வைத்து ‘ஆ’ என்று கத்தி விளையாடுவோமே, அப்படிச் சல்லடையாகச் சலித்துக்கொண்டு வந்தது. சரிசெய்யலாம் என்று குமிழைத் தொட்டேன். நான் தொட்ட நேரம் பார்த்துக் குரல் அடியோடு போய்விட்டது. “திருகாதடா திருகாதடான்னு எத்தன தடவ சொல்றது!” முதுகில் பளாரென்று ஒன்று. நான் திருகவில்லை, தொட்டேன், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை அப்பாவிடம் அன்றும் விளக்க முடியவில்லை, அதற்குப் பிறகும் முடியவில்லை.

அப்புறம் அந்தப் பெட்டி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனது. கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி, உள்ளே ஊதி, “கண்டென்சர் போயிருச்சு” என்று சொல்லி நாற்பது ரூபாய் வாங்கினார். பெட்டி வந்தது, நன்றாகப் பாடியது. பையன் திருகித்தான் கண்டென்சர் போனது என்று வீட்டில் தீர்ப்பு எழுதப்பட்டது.

என் சொந்தப் புயல்

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இணையத்தில் சூரியனைப் பற்றி எதையோ படித்துக்கொண்டிருந்தபோது 1989 மார்ச் 13 என்ற தேதி கண்ணில் பட்டது. சூரியனிலிருந்து கிளம்பிய ஒரு பெரும் வெடிப்பு பூமியின் காந்தப்புலத்தை மோதி உலுக்கியதில், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒன்றரை நிமிஷத்துக்குள் மொத்த மின்சாரமும் போய், அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்திருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்த சங்கதி இன்னொன்று. அதற்கு மூன்று நாள் முன்னால் அந்த வெடிப்போடு வந்த ஒளிக்கீற்றால் சிற்றலை வானொலி தடுமாறியபோது, அமெரிக்கப் பணத்தில் நடந்த ரேடியோ ஃப்ரீ யூரோப்பின் ஒலிபரப்பை வேண்டுமென்றே குறுக்கிட்டுக் கெடுப்பது மாஸ்கோதான் என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். சூரியன் செய்த வேலைக்கு கிரெம்ளின் பழி சுமந்திருக்கிறது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நானும் கிரெம்ளினும் ஒரு கட்சி.

அன்றிலிருந்து இந்தக் கதையைச் சொல்லாத கல்யாணவீடு இல்லை. மார்ச் மாதம், 1989, நான் ஏழாம் வகுப்பு, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது, எல்லாம் பொருந்துகிறது. தேதி மட்டும் ஞாபகமில்லை. அது 13ஆகவே இருக்கட்டும் என்று நானே வைத்துக்கொண்டேன். அப்பாவிடமும் சொன்னேன். “சூரியன் கெட்டுப்போச்சுன்னா கண்டென்சர் மாத்தினதும் எப்படிடா சரியாச்சு?” என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லை என்பதற்காக நல்ல கதையை யார் விடுவார்கள்.

கதை உடைந்தது 2024 மார்ச்சில், ஏற்காட்டில். உடைத்தவர் என் நண்பர், என்னைவிடப் பத்து வயது இளையவர், ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசவும் கேட்கவும் அரசாங்க உரிமம், வைத்திருப்பவர். ஹாம்காரர்களுக்கு மாடி வீடும் அக்கம்பக்கத்து எல்இடி பல்பும் ஆகாது. சேலம் டவுனுக்குள் இன்றைக்கு ஒரு சிற்றலைப் பெட்டியைப் போட்டால் கேட்பது அடுத்த வீட்டு இன்வெர்ட்டரும் எதிர்வீட்டு செல்போன் சார்ஜரும்தான், அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் ஏற்காட்டில் உறவுக்காரர் ஒருவரின் காப்பித் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். மலை மேல் போனால் ரேடியோ நன்றாக எடுக்கும் என்று ஊரில் எல்லாரும் சொல்வதில் பாதிதான் உண்மை. பண்பலைக்கு அது முழு உண்மை, பண்பலை நேர்கோட்டில் போகும், உயரத்தில் நின்றால் தொலைவு தெரியும், கொடைக்கானல் எஃப்எம் இத்தனை மாவட்டங்களுக்குக் கேட்பதும் அதனால்தான். சிற்றலைக்கு ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஒரு உயரமே இல்லை. அது திரும்பி வருகிற இடம் முந்நூறு கிலோமீட்டர் மேலே இருக்கிறது. மலை தருவது அமைதியை மட்டும்.

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மதியம் மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மிளகுக் கொடி ஏறிய இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, நைலான் கயிற்றில் கல்லைக் கட்டி வீசி, பக்கத்துக்குப் பத்து மீட்டராகச் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினோம். எங்கள் மொட்டைமாடிக் கம்பிதான், பெயர் மட்டும் டைபோல். கயிறு மூன்று முறை கிளையில் மாட்டிக்கொண்டது, நாலாவது முறை கல் நண்பரின் காரின் மேல் விழுந்தது, அதை விடுங்கள். வேலை முடிந்து உட்கார்ந்ததும் நான் என் 1989 கதையை ஆரம்பித்தேன். அவர் முழுக்கக் கேட்டார். கிரெம்ளின் வந்த இடத்தில் சிரித்தார். அப்புறம் கேட்டார்:

“அண்ணா, தமிழோசை எத்தன மணிக்கு?”

“ஒன்பதே கால்.”

“காலையிலயா?”

“ராத்திரிதான்.”

“அப்ப சூரியன் எங்கண்ணா இருந்துச்சு?”

எனக்குப் புரியச் சில விநாடி ஆனது. சூரியனின் ஒளிக்கீற்று வெடித்தால் அதன் எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிஷத்தில் வந்து வானத்தின் கீழ்த்தட்டைத் தாக்கி, சிற்றலையை விழுங்கிவிடும். ஆனால் தாக்குவது வெயில் படும் பக்கத்தை மட்டும். ராத்திரி ஒன்பதே காலுக்குச் செவ்வாய்பேட்டை பூமியின் நிழலுக்குள் ஆழமாகப் படுத்திருந்தது. என் சூரியன் அமெரிக்காவுக்குக் காய்ந்துகொண்டிருந்தான். சரி, காந்தப்புயல் என்றால் ராத்திரியிலும் படுமே என்று மடக்கினேன். “படும்ணா. ஆனா அது ஒரு நாள், ரெண்டு நாள். உங்க வீட்டுல எத்தன நாள் இருந்துச்சு?” எனக்குத் தெரிந்தது அடி விழுந்த நாள் மட்டும்தான். செல்போனில் அப்பாவைக் கூப்பிட்டேன். ரேடியோ நடுங்கினது ஒரு நாள்தானேப்பா என்றேன்.

“ஒரு நாளா? பங்குனி பூரா அப்படித்தான்டா. சித்திரையிலயும் இருந்துச்சு. வெளக்கு வச்சா ஆரம்பிக்கும். அதான கடைசியில கடைக்கே தூக்கிட்டுப் போனேன்.”

ஒரு மாதத்துக்கு மேல். தினமும் இல்லாவிட்டாலும் பல நாள், விளக்கு வைத்த பிறகு. அவ்வளவுதான், என் புயல் முடிந்தது. பதினைந்து வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததை ஒரு மணி நேரக் கணக்கு கவிழ்த்துவிட்டது. நான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் நண்பர், “வாங்கண்ணா, லேடீஸ் சீட் போய் டீ குடிச்சிட்டு வரலாம்” என்றார்.

சாயங்காலம் மாடி மாடியாக ஏறுகிறது

லேடீஸ் சீட்டுக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறேன். எல்லாரையும் போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே சேலத்தைக் காட்டி, அதோ நம்ம வீடு என்று பொய் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். கீழே ஊருக்குச் சூரியன் போய்விட்டான், தெருவிளக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாக எரியத் தொடங்கிவிட்டது, எங்கள் டீ கிளாஸில் மட்டும் இன்னும் வெயில். ஊருக்கும் மலைக்கும் உயர வித்தியாசம் ஆயிரத்து இருநூறு மீட்டர்தான், அதற்கே நாலைந்து நிமிஷம் பிந்தி அஸ்தமிக்கிறது. அப்படியானால் எண்பது கிலோமீட்டர் மேலே? நண்பர் செல்போனில் கணக்குப் போட்டார். முப்பத்தேழு நிமிஷம். முந்நூறு கிலோமீட்டர் மேலே, ஒரு மணி பத்து நிமிஷம். இருட்டு கீழேயிருந்து மாடி மாடியாக ஏறிப்போகிறது.

ரேடியோவுக்கு ராத்திரி பகல் என்ற வித்தியாசம் வருவது இந்த மாடிகளால்தான். சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல்வானத்துக் காற்றைத் தாக்கி அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்துவிடுகின்றன. பிய்ந்த எலக்ட்ரான்கள் திரியும் பகுதிதான் அயனி மண்டலம். அதில் அறுபதிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் வரை டி அடுக்கு, அதற்கு மேல் நூறைச் சுற்றி ஈ அடுக்கு, நூற்றைம்பதுக்கு மேல் நானூறு, அதையும் தாண்டி எஃப் அடுக்கு. மேலே இருக்கும் எஃப் நல்லவன், அலையை வளைத்துப் பூமிக்கே அனுப்புகிறவன். கீழே இருக்கும் டி, கடன்காரன். அங்கே காற்று கொஞ்சம் அடர்த்தி. ரேடியோ அலை வந்து எலக்ட்ரானை ஆட்டினால், அது ஆடுகிற வேகத்தில் பக்கத்து மூலக்கூறை இடித்து, வாங்கிய சக்தியை வெப்பமாகத் தொலைத்துவிடும், திருப்பித் தராது. அலையின் அதிர்வெண் குறையக் குறைய எலக்ட்ரானின் ஆட்டம் அகலமாகும், இடியும் அதிகமாகும். அதனால்தான் பகலில் மத்திய அலையில் தூரத்து ஊர் ஒன்றும் வராது, தரையோடு தவழ்ந்து வரும் திருச்சி வானொலி மட்டும் வரும். சிற்றலை மட்டும் ஒருவழியாக டியைத் தாண்டிவிடும்.

சூரியன் மறைந்ததும் பிய்ந்த எலக்ட்ரான்கள் மறுபடி ஜோடி தேடுகின்றன. டியில் நெரிசல், திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை ஐந்து நிமிஷத்தில் யார் மேலாவது முட்டிக்கொள்வதுபோல ஜோடி உடனே கிடைத்துவிடும், அடுக்கே காணாமல் போகும். எஃபில் காற்று அவ்வளவு மெலிது, ஆள் நடமாட்டமே இல்லாத மலைப்பாதை, எதிரே ஆள் வர ராத்திரி பூராவும் ஆகும். அதனால் கடன்காரன் போய்விடுவான், நல்லவன் விடியும்வரை நிற்பான். அதான் ராத்திரியில் இலங்கை வானொலியும் சென்னையும் திருநெல்வேலியும் மத்திய அலையில் கூட்டமாகக் கிளம்பி வந்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், ராத்திரியில் காற்றில் தூசி அடங்கிவிடும், அதனால் ரேடியோ நல்லா எடுக்கும் என்பார். ராத்திரி என்பதும் அடங்குகிறது என்பதும் சரி, அடங்குவதுதான் வேறு.

இந்த ராத்திரி விஷயத்தை முதலில் கண்டவர்களில் ஒருவர் மார்கோனி. 1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய தந்திக் குறியின் மூன்று புள்ளிகளை, அட்லாண்டிக்குக்கு அக்கரையில் நியூஃபவுண்ட்லாந்தில் பட்டம் விட்டுக் கம்பியை ஏற்றிக் கேட்டதாக அறிவித்தார். பூமி உருண்டை, அலை நேர்கோடு, பிறகு எப்படி வந்தது என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் கப்பலில் போய்க்கொண்டே கேட்டுப் பார்த்தபோதுதான் பகலைவிட ராத்திரியில் இரண்டு மூன்று மடங்கு தூரம் எட்டுகிறது என்பது அவருக்குத் தெரிந்தது. அதே 1902இல் அமெரிக்காவில் கென்னெல்லியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் மேலே மின்சாரம் கடத்தும் ஒரு கூரை இருக்க வேண்டும் என்று தனித்தனியே ஊகித்தார்கள். கூரை இருப்பதை 1924 டிசம்பரில் ஆப்பிள்டன் என்ற விஞ்ஞானி நிரூபித்த விதம்தான் எனக்குச் சிலிர்ப்பு. போர்ன்மத்திலிருந்த பிபிசி நிலையம் நள்ளிரவில் ஒலிபரப்பு முடிந்த பிறகு அலைநீளத்தை மெதுவாக மாற்றிக்கொண்டே போக, ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து சத்தம் ஏறி இறங்குவதை எண்ணினார். தரை வழியே வரும் அலையும் வானம் வழியே வரும் அலையும் ஒரு நேரம் கைகோர்க்கும், ஒரு நேரம் ஒன்றையொன்று அழிக்கும், எத்தனை முறை என்று எண்ணினால் கூரையின் உயரம் வந்துவிடும். அடுத்த வீட்டுக்காரன் எரிச்சலாகும் அதே ஏற்ற இறக்கத்தை எண்ணி 1947இல் நோபல் வாங்கினார் மனுஷன்.

சிற்றலையில் குரல் நிதானமாகப் போய்ப்போய் வருவதற்கும் அதுவே காரணம். ஒரே ஒலிபரப்பு கூரையில் ஒருமுறை பட்டு ஒரு துள்ளலில் ஒரு வழியாகவும், இரண்டுமுறை பட்டு இரண்டு துள்ளலில் இன்னொரு வழியாகவும் வந்து சேரும். 31 மீட்டர் அலை என்றால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதையில் பதினைந்து மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ போதும், கைகோர்த்த அலைகள் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பதினைந்து மீட்டர் என்பது எங்கள் பட்டறை வாசலிலிருந்து கொல்லைக் கிணறு வரை. கூரையோ நிற்காத கூரை, காற்றோடு அசைகிற கூரை.

ஆனால் நான் 1989இல் கேட்டது அந்த நிதானமான ஏற்ற இறக்கம் இல்லை.

ஏழே முக்கால்

தோட்டத்துக்குத் திரும்பியபோது நன்றாக இருட்டிவிட்டது. நண்பர் 10 மெகாஹெர்ட்ஸில் ஒரு நேர சைகையைப் பிடித்து வைத்தார். சீனாவிலிருந்து வருவது, நொடிக்கு ஒரு டிக், கடிகாரம் மாதிரி வேறு எதுவும் இல்லாமல் டிக், டிக், டிக். ஏழு மணிக்கு அது ஆணி அடித்ததுபோலச் சுத்தமாக இருந்தது. நாங்கள் தோசை சாப்பிட்டோம். ஏழே முக்கால் இருக்கும், டிக் கொஞ்சம் மழுங்கியது. அப்புறம் டிக் என்பது ட்ரிக் ஆனது. எட்டு மணிக்கு ஒவ்வொரு தட்டலும் நனைந்த சாக்கைத் தரையில் இழுத்ததுபோல வழிந்துகொண்டு வந்தது. முள்ளைக் கொஞ்சம் நகர்த்தி, மேலே ஒரு சீனப் பெண்ணின் குரலில் நிறுத்தினார்.

ஃபேனுக்கு முன்னால் பேசுகிற குரல்.

எனக்கு முதுகில் அந்த இடம் சுரீரென்றது. மொழி மட்டும்தான் வேறு. அந்த நடுக்கம், அந்தச் சல்லடை, நடுவில் நூல் அறுந்ததுபோல் ஒரு வெறுமை, பிறகு எதுவும் நடக்காததுபோலத் திரும்ப வருவது, அத்தனையும் அதே. நான் அனிச்சையாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், யாரும் நான் திருகினேன் என்று சொல்லிவிடக்கூடாது பாருங்கள்.

நண்பர் சொன்ன விளக்கத்தை வீட்டுக்கு வந்து நானும் படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். பூமியின் காந்த நடுக்கோடு என்று ஒன்று இருக்கிறது, காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் படுத்தே கிடக்கும் இடங்களைச் சேர்த்த கோடு. அது இந்தியாவின் தென்கோடி வழியாகப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து கிளம்பிய முதல் ஆய்வு ராக்கெட்டைத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவிலிருந்து விட்டதற்குக் காரணம் கடற்கரை அழகில்லை, இந்தக் கோடு. அதன் மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல் பூராவும் ஒரு மின்னாறு கிழக்கு நோக்கி ஓடுகிறது. தும்பாவிலிருந்து சேலம் நானூறு கிலோமீட்டருக்குள்தான், ஆகவே நாமும் கிட்டத்தட்ட அந்தக் கோட்டுக்காரர்கள்தான்.

இந்தக் கோட்டையொட்டி, சூரியன் மறைந்த கையோடு எஃப் அடுக்கு ஒருமுறை மேல்நோக்கித் தூக்கப்படுகிறது. லேடீஸ் சீட்டில் பார்த்த மாடிக் கணக்கு இங்கே வேலைக்கு வருகிறது: கீழ்மாடி இருட்டி எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து காலியாகிவிட்டன, மேல்மாடியில் இன்னும் நெரிசல். கனமானது மேலே, லேசானது கீழே. எண்ணெயை அடியில் வைத்து அதன் மேல் தண்ணீரை நிறுத்தினால் எவ்வளவு நேரம் நிற்கும்? ஒரு சின்ன அசைவு போதும், லேசானது குமிழியாக மேலே கிளம்பிவிடும். பணியாரச் சட்டியில் மாவு வேகும்போது அடியிலிருந்து குமிழி வருமே, அதை நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு நினைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் குறைந்த இந்தக் குமிழிகள் சில ராத்திரி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே ஏறுகின்றன, ஏறி, உடைந்து, கந்தலாகி, நொடிக்குச் சுமார் நூறு மீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கின்றன. அலையைத் திருப்பி அனுப்பவேண்டிய கூரை அந்த நேரத்தில் உடைந்த ஓட்டுக்கூரை. ஒரு குரல் நூறு சில்லுகளில் பட்டு நூறு பாதையில் வருகிறது, அவை நொடிக்குப் பல முறை சேர்ந்து பிரிகின்றன, அதுதான் ஃபேன். பெரு நாட்டில் இதே காந்தக் கோட்டில் இருக்கும் ஹுவான்காயோவில் இதை 1938இலேயே பதிவு செய்துவிட்டார்கள். இன்றைக்கும் செயற்கைக்கோளிலிருந்து வரும் ஜிபிஎஸ் சைகை நம் பக்கத்தில் ராத்திரியில் சில நேரம் தடுமாறுவதற்குக் காரணம் இந்தக் குமிழிகள்தான்.

எனக்கு வேண்டிய சங்கதி கடைசியில் இருந்தது. சூரியப் புள்ளிகள் பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும், கூடிய வருஷங்களில் இந்தக் குமிழிகளும் கூடும். 1989 அப்படி ஒரு வருஷம், 2024உம் அப்படித்தான். அந்த வருஷங்களில் நம் பக்கத்தில் குமிழிகள் மிக அதிகமாகக் கிளம்புவது பகலும் இரவும் சமமாக இருக்கும் மாதங்களை ஒட்டி, அதாவது பங்குனிச் சுற்றிலும் புரட்டாசி ஐப்பசியிலும். ஆனி ஆடியில் அடங்கிவிடும்.

சித்திரை முடிவில் பெட்டி கடைக்குப் போனது. கண்டென்சர் மாறியது. வைகாசி ஆனியில் நடுக்கம் நின்றது. அப்பாவின் கேள்விக்குப் பதினைந்து வருஷமாக என்னிடம் இல்லாத பதில் இதுதான், பருவம் முடிந்து தானாக நின்றதற்குக் கடைக்காரர் கூலி வாங்கியிருக்கிறார்.

மறுநாள் மதியம் நேராகச் செவ்வாய்பேட்டைக்குப் போனேன். அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது, பட்டறையை மூடி வருஷங்கள் ஆகிவிட்டன, திண்ணையில் உட்கார்ந்து தட்டுவடை செட்டைச் சட்னி சிந்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றதிலிருந்து பிலிப்ஸ் பெட்டி பரண் மேல் இருக்கிறது. நான் செல்போனில் பதிவு செய்து வந்த சீனப் பெண்ணின் குரலைப் போட்டுக் காட்டினேன். கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அட, இதேதான்டா. கொலுசக் குலுக்கின மாதிரி.”

அவருக்கு அது கொலுசு, எனக்கு ஃபேன். காந்தக் கோடு, குமிழி, பங்குனி, ஆடி என்று எல்லாவற்றையும் சொன்னேன். தும்பா வந்த இடத்தில் தலையாட்டினார். இந்த முறை பேப்பரைப் பிரிக்கவில்லை.

“தீபாவளிக்கு முன்னாடி மறுபடியும் வந்துச்சே, அப்பவும் இதானா?”

“அந்த வருஷ ஐப்பசியிலயாப்பா? வந்துச்சா?”

“வந்துச்சு. மறுபடியும் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன்ல. நீ அப்ப ட்யூசன் போயிருந்த.”

இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் நாளே ஏற்காட்டில் குதித்திருப்பேன்.

“இதேதாம்ப்பா. கரெக்டா ஐப்பசியில வரணும், வந்திருக்கு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். முதுகில் அடித்த விஷயத்துக்கு ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். அவர் தட்டைக் கீழே வைத்தார்.

“அப்ப பெட்டியில ஒண்ணுமே இல்லங்கற.”

“ஒண்ணுமே இல்லப்பா.”

“அப்ப அந்த ரிப்பேர்காரன் ரெண்டு தடவ நாப்பது நாப்பது ரூவா எதுக்குடா வாங்கினான்?”